பெயர் சொல்லும் இயந்திரம்

தேவிகுளம்
14 ஜூலை 1974

அன்புத் தம்பி சின்னமுத்துவுக்கு அக்கா சுருளியம்மாள் எழுதுவது.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? இருமல் விட்டதா? நீ பஸ் ஏறிய அன்று பிடித்த மழை இன்னும் ஓயவில்லை. தேயிலைக் கொழுந்துக்காட்டில் அட்டை கடித்துக் காலெல்லாம் புண். மற்றபடி நானும் பூமாரியும் சுகம்.

உன் மச்சான் நீ பார்த்துவிட்டுப் போனபடியேதான் இருக்கிறார். வலது காலை இழுத்து இழுத்து வாசல் வரை வருகிறார். வலது கை விழுந்தது விழுந்ததுதான். பேச்சுதான், தம்பி, சுத்தமாக இல்லை. பேக்டரியில் வாதம் அடித்து விழுந்த அன்று காலையில்கூட என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போன மனுஷன். சட்னியில் உப்பு இல்லையாம். அதுதான் கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சண்டையை நீட்டியிருப்பேன்.

எஸ்டேட் டாக்டர், "காலு சரியாகும்மா. பேச்சு காரியம் நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டார். ரோலர் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகினவர் இவர். லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நின்று "ஏ புள்ள" என்று என்னைக் கூப்பிட்டால் தாலுகா ஆபீசில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று நீயே கேலி பண்ணுவாய். இப்போது எது கேட்டாலும் "ம்ம்" ஒன்றுதான். வீடு வீடாகவே இல்லை.

நீ பஸ் படியில் தொங்கிக்கொண்டே என்னவோ சொன்னாயே, உன் கம்ப்யூட்டர் மூளைக்கும் இப்படித்தான் எல்லாம் மறந்துபோனது, திரும்பச் சொல்லிக்கொடுத்ததும் படித்துக்கொண்டது என்று. கண்டக்டர் விசில் அடித்ததில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு பொங்குகிறேன். முழுசையும் எழுது. அக்கா அஞ்சாம் வகுப்புக்காரி என்ற நினைப்போடு எழுது.

மாமா எப்போது வரும் என்று பூமாரி கேட்கிறாள்.

அக்கா சுருளியம்மாள்


கொழிஞ்சாம்பாறை
23 ஜூலை 1974

என் அக்காவுக்குச் சின்னமுத்துவின் வணக்கம்.

இருமல் போய்விட்டது. வீட்டுக்கார நாச்சம்மாள் அக்கா மிளகுக் கசாயம் கொடுத்தே அதை விரட்டிவிட்டார். நீ அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு போடுகிறாயா, இல்லை சும்மா விட்டுவிட்டாயா? கவனித்துக்கொள்.

இங்கே கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன் என்பதும், சனிக்கிழமை தோறும் எல்லை தாண்டிக் கோயமுத்தூருக்குப் போய் அங்கே ஒரு கல்லூரியில் உள்ள கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று நீ கேட்டதே இல்லை. இப்போது கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

மூளை என்பது கோடிக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு பின்னல். ஒன்று துடித்தால் அதோடு சேர்ந்தவையும் துடிக்கும். "தண்ணீர்" என்ற சொல் மூளையில் ஒரே இடத்தில் இல்லை, பின்னல் முழுவதிலும் பரவிக் கிடக்கிறது. அதே போல ஒரு சின்னப் பின்னலை வெறும் கணக்காலேயே கம்ப்யூட்டருக்குள் செய்திருக்கிறேன். பொருள்களின் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கொடுத்தால் அதன் பெயரை அச்சடித்துத் தரும். நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு, வேண்டுமென்றே மூன்றில் ஒரு பங்கு பின்னலை அறுத்துவிட்டேன். உளற ஆரம்பித்தது, கரண்டியைக் காட்டினால் கத்தி என்றது. பொறுமையாகத் திரும்பக் கற்றுக்கொடுத்தேன். அக்கா, முதல் தடவையைவிட வேகமாகக் கற்றுக்கொண்டது. மிச்சமிருந்த பின்னல், அறுந்துபோனதன் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மச்சானுக்கு நடந்ததும் இதேதான். அவர் பேசுவார். நான் எழுதித் தருகிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். தினமும் அவர் புழங்கும் சாமான்களை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடு. பெயரைச் சொல்லு. அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லு. தப்பாகச் சொன்னால் உடனே திருத்து, சும்மா விடாதே. எல்லாவற்றையும்விட முக்கியம், காலையில் எழுந்ததும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. மற்ற எல்லா நினைவும் அந்தப் பெயரோடு கட்டுப்பட்டவை. அவர் சரியாகச் சொல்வதையும் தப்பாகச் சொல்வதையும் எனக்கு எழுது. கம்ப்யூட்டர் சொன்னதோடு வைத்துப் பார்க்கிறேன். என் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அது உதவும்.

மழைக்காலத்தில் பாதை சகதியானால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர். அவருக்கு என் படிப்பால் ஒன்று ஆகும் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? தைரியமாக இரு.

உன் தம்பி
சின்னமுத்து


தேவிகுளம்
18 ஆகஸ்ட் 1974

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். கசாயம் கொடுத்த நாச்சம்மாள் அக்காவுக்கு என் கும்பிடு. அங்கே ஒரு ஆள் உன்னைப் பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்தபிறகு கொஞ்சம் நிம்மதி.

காட்டு வேலை முடிந்து வந்து தினமும் நீ சொன்னபடியே செய்கிறேன். டம்ளர், கரண்டி, சட்டை, பீடிக்கட்டு. "ம்ம்" என்கிறார். டம்ளர் என்று சொல்லுங்க என்கிறேன். அதற்கும் "ம்ம்". உடனே திருத்து என்று எழுதியிருந்தாய், திருத்துகிறேன். நேற்று கரண்டியை வாங்கி வீசி எறிந்துவிட்டார். அடுப்பு மேலே இருந்த கண்ணாடிக் குப்பி போயிற்று. அப்புறம் அவரே இடது கையால் சில்லைப் பொறுக்கினார், நான் விடவில்லை.

டம்ளரைக் கொடுத்தால் தண்ணீர் குடிக்கிறார், தம்பி. தலைகீழாகப் பிடிக்கவில்லை. சட்டையைக் கொடுத்தால் போட்டுக்கொள்ளக் கையை நீட்டுகிறார். எது எதற்கு என்று எல்லாம் தெரிகிறது. சொல்லத்தான் வரவில்லை. உன் கம்ப்யூட்டர் டம்ளரில் தண்ணீர் குடிக்குமா?

அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று எழுதியிருக்கிறாய். படிச்ச பிள்ளை எழுதுகிற எழுத்தா இது? கட்டினவள் வாயால் புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும். நம் அம்மா ரேஷன் ஆபீசில்கூட அப்பா பெயரைச் சொல்லாமல் என்னைத்தானே முன்னால் தள்ளிச் சொல்லவைத்தாள். அதனால் தபால் கொண்டுவரும் ஆபீஸ் கிளார்க் பாஸ்கல் சாரைச் சொல்லச் சொன்னேன். அவரும் பாவம், ஜன்னலண்டை நின்று நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தார். இவர் திரும்பவில்லை. பூமாரி கூப்பிடட்டுமா என்றாள். அப்பன் பெயரை மகள் சொல்வதா என்று அதட்டிவிட்டேன்.

இன்னும் எத்தனை நாள் என்று எழுது. நான் சோர்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா


கொழிஞ்சாம்பாறை
1 செப்டம்பர் 1974

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். நீயும் பூமாரியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை என் பேராசிரியரிடம் காட்டினேன். இத்தனை நாளில் இரண்டு மூன்று சொல்லாவது வந்திருக்க வேண்டும் என்று அவரும் நினைக்கிறார். கம்ப்யூட்டரில் அப்படித்தான் வந்தது. எங்கேயோ முறை தவறுகிறது. எங்கே என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

பாஸ்கல் சார் கூப்பிட்டுப் பயனில்லை. மச்சான் வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய குரல் உன்னுடையது. அந்தக் குரலும் அந்தப் பெயரும் சேர்ந்தால்தான் பின்னல் துடிக்கும். ஆயுசு குறையும் என்கிறாய். மனிதன் நிலாவில் இறங்கிவிட்டு வந்த பிறகும் இதையா சொல்லிக்கொண்டிருப்பது? பெயர் என்பது காற்றில் ஓர் ஒலி, காதுக்குள் போய் மூளையில் ஒரு துடிப்பு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ அந்த ஒன்றைச் செய்யாததால்தான் அவர் பேசாமல் போனார் என்று நாளைக்கு நீயே வருத்தப்படக்கூடாது. அதற்காகச் சொல்கிறேன். நல்ல செய்தியோடு எழுது.

சின்னமுத்து


தேவிகுளம்
17 நவம்பர் 1974

அன்புத் தம்பிக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று கோபமா? தீபாவளிக்கு வருவாய் என்று பார்த்தேன், வரவில்லை. ஆராய்ச்சி வேலை இருக்கும். உனக்கு எடுத்துவைத்த அதிரசத்தைப் பூமாரி தின்றுவிட்டாள்.

நீ சொன்னபடியெல்லாம் செய்தேன். நல்ல செய்திதான். போன வாரம் டம்ளரை நீட்டினேன், "தண்ணி" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் சட்டையைச் சட்டை என்றே சொன்னார். கரண்டியைக் காட்டினால் கத்தி என்கிறார். நான் திருத்தினதும் சிரிக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும் போலிருக்கிறது.

கஞ்சி நன்றாகக் குடிக்கிறார். வேறு விசேஷம் இல்லை. உன் கட்டுரையில் இதையெல்லாம் எழுதிக்கொள்.

அக்கா சுருளியம்மாள்


கொழிஞ்சாம்பாறை
27 நவம்பர் 1974

அக்கா, நீ நன்றாயிருக்க வேண்டும். மச்சான் நன்றாயிருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் படித்தேன். பாடம் நடத்த முடியவில்லை, பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கரண்டியைக் கத்தி என்றாராமே. கம்ப்யூட்டரும் அதே தப்பைச் செய்தது. ஒரே மாதிரி வடிவம், ஒரே மாதிரி புழக்கம், அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று. சனிக்கிழமை உன் கடிதத்தையும் அச்சடித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிசைகூட மாறவில்லை. பேராசிரியர் என் தோளில் தட்டினார். "ஒரு மனித மூளை உன் கணக்கின்படி நடக்கிறது" என்றார். பெங்களூரில் வரப்போகும் ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் இதை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மச்சான் பெயரைப் போடமாட்டேன், பயப்படாதே.

இனி ஆள் பெயர்கள் வரும். முதலில் பூமாரி பெயர். அதற்குப் பிறகு உன்னுடையது. நடுவில் உன்னைப் பூமாரி என்று மாற்றிச் சொன்னாலும் சொல்வார். அதுவும் நல்ல அறிகுறிதான், கவலைப்படாதே. எழுதிக்கொண்டே இரு.

மச்சானிடம் நான் கேட்டதாகச் சொல். இப்போது அவருக்குப் புரியும்.

சின்னமுத்து


தேவிகுளம்
12 ஜனவரி 1975

அன்புத் தம்பிக்குப் பொங்கல் வாழ்த்து. நாச்சம்மாள் அக்கா வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இங்கே பனி கொட்டுகிறது. விடியற்காலையில் கொழுந்தைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. நானும் பூமாரியும் சௌக்கியம்.

நீ சொன்னபடியே ஆயிற்று. மார்கழியில் ஒருநாள் பூமாரி என்றார். அவள் ஓடிப்போய் மடியில் விழுந்தாள். என்னையும் ஒரு தடவை பூமாரி என்றார், நானும் ஏன் என்று கேட்டேன். நேற்று நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து "சுருளியம்மா" என்று கூப்பிட்டார். நல்லா தெளிவாக, பழைய குரலில். நான் திரும்பிப் பார்த்தேன். இன்னொரு தடவையும் சொன்னார்.

இதற்கு மேல் என்ன எழுதுவது? உன் பெங்களூர் கூட்டத்தில் இதைச் சேர்த்துக்கொள். நீ பெரிய ஆளாக வரவேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

அக்கா


கொழிஞ்சாம்பாறை
2 பிப்ரவரி 1975

அக்காவுக்கு,

நீ சுகம் என்று எழுதுவதை இனி நான் அப்படியே நம்பமாட்டேன். அதனால் சுகமா என்று கேட்காமலே தொடங்குகிறேன்.

உன் கடிதத்தைச் சந்தோஷம் தாங்காமல் நாச்சம்மாள் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க தம்பி, பேரச் சொல்லிக் கூப்புட்டா நல்லாயிட்டாருன்னு அர்த்தமுங்களா? எங்கூட்டுக்காரரு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாருன்னா நான் பயந்துபோயி டாக்டரைக் கூட்டியாந்துருவனுங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை.

உங்கள் வீட்டில் வளர்ந்தவன் நான். மச்சான் ஒரு தடவைகூட உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சண்டையிலும் "ஏ புள்ள"தான், கொஞ்சலிலும் "ஏ புள்ள"தான். பேசும் காலத்தில் சொல்லாத பெயரை, பேச்சுப் போனபின் எப்படித் திரும்பக் கற்றுக்கொள்வார்? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அடுத்தது என்ன வரும் என்று நான் எழுதினேன், அதையே நீ எனக்குத் திருப்பி எழுதினாய். ஒரு மனித மூளை என் கணக்கின்படி நடக்கிறது என்று நாங்கள் கொண்டாடியது என் கையெழுத்தைத்தான்.

மாரியம்மன் திருவிழா நாடகத்தில் மச்சான் தகரத்தை ஆட்டி இடி முழங்க வைப்பாரே, முன்வரிசைக் குழந்தைகள் வானத்தைப் பார்க்கும். அந்தத் தகரத்தை எத்தனை ஆராய்ந்தாலும் இடி எப்படி உண்டாகிறது என்று தெரியுமா? நான் இத்தனை வருஷமும் தகரத்தைத்தான் ஆராய்ந்திருக்கிறேன். என் கம்ப்யூட்டர் மறந்தது, திரும்பப் படித்தது, எல்லாம் உண்மை. ஆனால் கரண்டியை வீசி எறிய அதற்குத் தோன்றவில்லை. எறிந்தபின் சில்லைப் பொறுக்கவும் தோன்றவில்லை. நீ ஆகஸ்ட்டிலேயே எழுதியிருந்தாய். எனக்கு வேண்டாத வரி என்று தாண்டிப் போனேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெங்களூருக்குப் போகப்போவதில்லை.

உன்மேல் கோபம் துளியும் இல்லை அக்கா, என்மேல்தான். உண்மையை எழுது. மச்சான் ஏதாவது பேசினாரா? கம்ப்யூட்டரை நம்பாதே. நானே நம்பவில்லை. மூளை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியவில்லை. டம்ளரைக் காட்டி அவரைக் கேட்காதே. அவரை அவர்பாட்டுக்கு விட்டுவிடு. பரீட்சைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன்.

சின்னமுத்து


தேவிகுளம்
6 ஏப்ரல் 1975

தம்பிக்கு,

பிறந்த வீட்டுக் கோடி என்று நீ எனக்கு அந்த வெள்ளைச் சேலையைப் போர்த்திவிட்டு, காரியம் முடிந்து பஸ் ஏறி ஒரு மாதம் ஆகப்போகிறது. நீ இங்கே இருந்த நாளெல்லாம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வராது. அதனால் எழுதுகிறேன். பூமாரி பள்ளிக்கூடம் போகிறாள். நான் வேலைக்குப் போகிறேன்.

அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, தம்பி. தண்ணி என்று சொல்லவில்லை. கரண்டியைக் கத்தி என்று சொல்லவில்லை. பூமாரி மடியில் விழவில்லை. எல்லாம் நான் எழுதினதுதான். உன் படிப்புக்காக எழுதினேன் என்று சொன்னால் பாதிப் பொய். பெயரைச் சொல்லு, சொல்லு என்று நீ நெருக்கினாய். அதிலிருந்து தப்பிக்கவும் எழுதினேன். இன்னொன்றும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவர் பேசினார். இன்லண்ட் லெட்டரை நக்கி ஒட்டுகிறவரை இந்த வீட்டில் அவர் குரல் இருந்தது. கட்டின நாளிலிருந்து அவர் வாயால் என் பெயரைக் கேட்டதில்லை. ஒரு தடவை கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். அதில்தான் உன்னிடம் மாட்டிக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதுதான் சொல்ல வந்தது.

கம்ப்யூட்டரை நம்பாதே, நானே நம்பவில்லை என்று உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கொழுந்துக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பொய்யாக எழுதினாலும், நீ சொன்னது மெய் என்றுதான் நம்பியிருந்தேன். எனக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதுவும் இல்லை என்றதும் ஒரு யோசனை வந்தது. நீ சொன்னதில் நான் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதானே. அதைச் செய்யாததால்தான் அவர் பேசாமல் போனார் என்று பின்னால் வருத்தப்படக்கூடாது என்று நீயே முன்னால் எழுதியிருந்தாய். இரண்டு கடிதத்தில் எனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டேன்.

பூமாரியைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படியோ சொல்லிவிட்டேன், அவர் பெயரை.

திரும்பினார், தம்பி. பாஸ்கல் சார் அத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பாதவர் திரும்பினார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் நிறைந்துவிட்டது. அப்புறம் இடது கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினார். வலிக்கிற மாதிரி இறுகப் பொத்தினார். எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு. தன் பெயர் தெரிந்தது, நான் யார் என்று தெரிந்தது, நான் அதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்தது. இத்தனை மாதமும் இவரிடமா நான் டம்ளரைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன்?

கையை எடுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கஞ்சி இறங்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார். மீதி உனக்குத் தெரியும்.

இரண்டாம் தடவை வாதம் அடித்திருக்கிறது, யாருக்கும் இப்படித்தான் என்று டாக்டர் சொல்கிறார். நான் பெயர் சொன்னது டாக்டருக்குத் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். நீ ஒன்று செய். உன் கம்ப்யூட்டரைக் கேள். நீ சொன்னால் தம்பி அக்காவைத் தேற்றுகிறான் என்றுதான் தோன்றும். அதற்கு முகம் பார்த்துப் பேசத் தெரியாது இல்லையா? நான் சொன்னதால்தான் போனாரா? கேட்டு எழுது.

அக்கா


கொழிஞ்சாம்பாறை
21 ஏப்ரல் 1975

என் அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது. பூமாரிக்கு ஆண்டுப் பரீட்சை முடிந்துவிட்டதா?

சனிக்கிழமை கோயமுத்தூர் போனேன். நீ கேட்டதைக் கேட்டேன். மச்சான் வயது, முதல் தடவை விழுந்தது, கை கால், நீ பெயர் சொன்னது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். மற்றவர்களெல்லாம் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டது. அச்சடித்த தாளை மடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்து இரண்டுதான். பாஸ்கல் சாரிடம் காட்டினால் வாசித்துச் சொல்வார்.

பெயரைச் சொல்லச் சொன்னவன் நான். ஏதாவது தப்பு இருந்தால் அது என்னைச் சேரும், உன்னைச் சேராது. ஆனால் தப்பே இல்லை என்கிறது.

கம்ப்யூட்டரைப் பற்றிப் போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதை நம்பு, அக்கா.

உன் தம்பி
சின்னமுத்து


தேவிகுளம்
15 ஜூன் 1975

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

மழை தொடங்கிவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், சந்தேகமிருந்தால் பூமாரியைக் கேட்டுக்கொள். அவள் பாஸாகிவிட்டாள். கணக்கில் மட்டும் மாமாவைப் போல இல்லை. அந்தப் பக்கம் வந்த பாஸ்கல் சாரிடம் நாச்சம்மாள் அக்கா கொடுத்தனுப்பிய கடலை வந்தது, லயத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். நீ இளைத்துப் போயிருக்கிறாய் என்று பாஸ்கல் சார் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ அனுப்பின தாளை அவர்தான் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இல்லன்னு போட்டிருக்குங்க அக்கா" என்றார். வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "வேற ஒண்ணும் காணோம்" என்றார். பாய் நீளத் தாள், நடுவிலே இரண்டே எழுத்து. எதற்கு இது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ என்ன சொல்லச் சொன்னாயோ அதைத்தானே, தம்பி, அது சொல்லியிருக்கும். உனக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் நானும் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்குத் தெரியாதா? கோபம் இல்லை. நீ அந்தப் பெரிய அறையில் தனியாக உட்கார்ந்து அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மனசு ரொம்பக் கலங்கினால் எடுத்துப் பார்க்கிறேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, எழுதியிருப்பது என்னவென்று தெரியுமே.

பேக்டரியில் அவர் இடத்துக்குக் குமுளிப் பக்கத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மாதிரி. சத்தமே போடமாட்டார்.

எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் பெயரைச் சொல்கிறேன். பிச்சைமணி. வாய்விட்டுத்தான் சொல்கிறேன், அடுத்த வீட்டில் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். இனிமேல் குறைவதற்கு ஆயுசு எங்கே இருக்கிறது? சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறேன். வாயைப் பொத்த ஒரு கையும் வரவில்லை.

அக்கா சுருளியம்மாள்